வெள்ளைப் பொட்டுக் குஞ்சு

கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் என் மருமகன் ஒரு இன்குபேட்டர் வாங்கியிருக்கிறார். பார்ப்பதற்குப் பலகாரக் கடையில் லட்டு அடுக்கிவைக்கும் டப்பா மாதிரி இருக்கிறது. உள்ளே இருபத்துநாலு நாட்டுக்கோழி முட்டைகள். சூட்டை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஈரத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 'கர்ர்' என்று முட்டைகளை அதுவே புரட்டியும் விடுகிறது. போன வாரம் மகளும் அவரும் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பும்போது அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள்.

"மாமா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தொடாம இருந்தாப் போதும்" என்றார் மருமகன்.

அவர் பொதுவாகத்தான் சொன்னார். பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "கையப் பின்னால கட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷமாகியும் இந்த வீட்டில் எனக்கு முட்டை விஷயத்தில் மரியாதை கிடையாது.

அவர்கள் போனபிறகு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பெட்டியின் அடியிலிருக்கும் சின்ன மோட்டார் ஓடும்போது மெல்லிசாக ஓர் எண்ணெய் வாடை வருகிறது. அதோடு சூடேறிய முட்டை ஓட்டின் வாடை. ஒவ்வொன்றும் தனித்தனியே வந்தால் ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு ஆகாது. எழுந்து போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. நான் டவுனில் சைவ வீட்டுப் பிள்ளை. தாத்தா காலத்தில் எங்களுக்கு ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்ததாம். நான் பார்த்தது அந்த வயலைப் பற்றிய பேச்சைத்தான். லேத்தில் நிற்கிற பையனை வீட்டில் வைத்துக்கொள்வது அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது, அவரோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு வளவில் அறை எடுத்துத் தங்கினேன். எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவில் முற்றம், கடைசியில் ஓர் அடிபம்பு. அவ்வளவுதான் வளவு.

எதிர்வீட்டில் ரூபி டீச்சரும் அவர் கணவர் தபால் சாரும் இருந்தார்கள். சார் தபாலாபீஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், டீச்சருக்கு இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி. பிள்ளைகள் கிடையாது. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வெள்ளை உடுத்து ஆலயத்துக்குப் போவார்கள். மற்ற நாளெல்லாம் சார் முற்றத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வருவோர் போவோரை வம்புக்கு இழுப்பார். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏலே சைவம்" என்பார்.

டீச்சரிடம் ஒரு செம்பழுப்புக் கோழி இருந்தது. அது அடைக்கு உட்கார்ந்தால் உலகமே இடிந்தாலும் எழுந்திருக்காது. கிட்டப் போனால் உடம்பு முழுவதையும் பந்தாக உப்பிக்கொண்டு 'கெர்ர்ர்' என்னும். சார் அதற்கு வைத்த பெயர் போஸ்ட்மாஸ்டரம்மா. "முப்பத்திநாலு வருசம் பாத்திருக்கேன் வே. எந்தப் போஸ்ட்மாஸ்டரும் சீட்ட விட்டு எந்திரிச்சதில்ல. கேள்வி கேட்டா இதே சத்தந்தான் வரும்."

அந்தப் பங்குனியில் போஸ்ட்மாஸ்டரம்மா பதின்மூன்று முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. ஓலைப் பெட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, ஒற்றைப்படையாக எண்ணி டீச்சர்தான் அடைவைத்தார். பன்னிரண்டாவது நாள் சாரை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. வயிற்றில் ஏதோ கட்டி. பாளையங்கோட்டை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஒன்றும் சொல்லாத டாக்டரைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது?

டீச்சர் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, இன்னும் ஒம்போது நாளு. ஒரு நாளைக்கு ஒரு தடவ அதுவா எறங்கும். எரை தின்னுட்டு, தண்ணி குடிச்சிட்டு அதுவா ஏறிக்கிடும். குருணை அந்தக் கலயத்துல இருக்கு. முட்டையத் தொட வேண்டாம்."

"நான் எங்க டீச்சர் தொடுதேன்."

"இடி கிடி இடிச்சா மட்டும் பொட்டிக்குள்ள ஒரு இரும்புத் துண்டு போட்டுரு. இடி எறங்குனா முட்டையெல்லாம் கூமுட்டையாப் போவும்பாங்க. எனக்கு நம்பிக்க கெடையாது. ஆனாலும் போட்டுரு. ஐயருக்குத் தெரிய வேண்டாம்."

ஐயர் என்றால் அவர்கள் சபைப் போதகர். எங்கள் ஐயருக்குத் தெரியக்கூடாத காரியங்கள் என்னிடமும் சில இருந்ததால் அது எனக்குப் புரிந்தது.

ஆட்டோவில் ஏறப்போகும்போது டீச்சர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதல்ல பொரிக்க குஞ்ச ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நேந்திருக்கேன். சாருக்காவ. எது மொதல்ல வருதுன்னு பாத்து வையி, என்ன?"

ஸ்தோத்திரப் பண்டிகை வருஷத்துக்கு ஒருமுறை ஆலயத்தில் நடக்கும். விளைந்தது, காய்த்தது, பொரித்தது எல்லாவற்றிலும் ஒரு பங்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு அதையெல்லாம் அங்கேயே ஏலம் விடுவார்கள். முதல் குஞ்சு வளர்ந்து அங்கே போகவேண்டும் என்றால் வீட்டுக்காரரும் அதுவரைக்கும் வளர்ந்துகொண்டிருப்பார் என்பது டீச்சரின் கணக்கு. அந்தக் கணக்கை என் தலையில் வைத்துவிட்டு அவர்கள் போனார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. நான் அதுவரை ஒரு முட்டையைக்கூடக் கையால் தொட்டவனில்லை. எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே சாப்பாட்டு நேரத்தில் சொல்லமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவன் மூன்று நாள் அந்தப் பெட்டியை எட்ட நின்று பார்த்தே காவல் காத்தேன். கோழி இறங்கினால் எனக்கு மூச்சு நிற்கும். அது ஏறும்வரை முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் புருஷன்மார் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நடை. பட்டறையில் வேலை நேரத்தில்கூட இரண்டு தடவை ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவேன்.

பதினைந்தாவது நாள் சாயங்காலம் கோடை இடி பிடித்துக்கொண்டது. மேற்கே மலைப்பக்கம் கருத்து, ஐந்து மணிக்கெல்லாம் பட்டறையில் விளக்குப் போட்டார்கள். முதல் இடிக்கே டீச்சர் சொன்ன இரும்பு ஞாபகம் வந்தது. கையில் அகப்பட்ட இரும்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு ஆணி போதும். குண்டூசி போட்டாலும் இடிக்கு இரும்புதான். நான் தூக்கிக்கொண்டு போனது முக்கால் கிலோ எடையுள்ள ஒரு பம்புசெட் உருளை. அதைக் கோழிக்குப் பக்கத்தில் பைய வைத்தேன். பைய வைத்ததாகத்தான் நினைத்தேன். வானத்தில் அடுத்ததாக ஒன்று விழுந்தது, நான் உருளையை விட்டுவிட்டேன்.

ஒரு முட்டை உடைந்தது. அதற்குள் இருந்ததைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. கண் மட்டும் பெரிசாக இருந்தது. கோழி கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. மற்றப் பன்னிரண்டு முட்டைகளின் மேலும் அந்த ஈரம் பட்டிருந்தது. துடைக்கவேண்டும். தண்ணீர் படக்கூடாது என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். வெறுங்கையால் தொட மனம் வரவில்லை. என் கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு கை வேஸ்ட் பஞ்சு இருக்கும். பட்டறையில் மிஷினையும் கையையும் துடைக்கிற பஞ்சு. அதை எடுத்தேன். முட்டையை அதால் பிடித்தால் தொட்டதாகவும் ஆகாது, துடைத்ததாகவும் ஆகும். என் மூளையைக் கண்டு எனக்கே பெருமையாக இருந்தது. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, சுழற்றிச் சுழற்றித் துடைத்து, திரும்ப அடுக்கினேன். பேரிங் குண்டு மாதிரி மின்னின. நல்லவேளை, கோழி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதாவது நிறுத்தினேனா என்றால் இல்லை. மறுநாள் ஒரு முட்டையில் எச்சம் பட்டிருந்தது, துடைத்தேன். அதற்கு மறுநாள் எதிலும் எதுவும் படவில்லை. இருந்தாலும் ஒரு திருப்திக்காக எல்லாவற்றையும் துடைத்தேன்.

இருபத்தோராவது நாள் விடிந்தது. பெட்டிக்குக் காது கொடுத்தேன். குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்தே கத்தும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் கிட்டப் போனதற்காகப் போஸ்ட்மாஸ்டரம்மா என் காதைக் கொத்தியதுதான் மிச்சம்.

இருபத்திரண்டாவது நாள் பகலில் பட்டறைக்குப் போன் வந்தது. வளவில் போன் கிடையாது. டீச்சர் பட்டறை நம்பரைத்தான் வாங்கிக்கொண்டு போயிருந்தார். எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அண்ணாச்சி ரிசீவரைப் பொத்திக்கொண்டு கையைத் தூக்கினார். எனக்குக் கேட்கவேண்டுமே என்று நான்கு லேத்தையும் நிறுத்தினார்கள். அப்படி ஒரு நிசப்தம் அந்தப் பட்டறையில் ஆயுதபூஜைக்குக்கூட இருந்ததில்லை.

"தம்பி, சாருக்கு நாளக் காலம்பற ஆப்பரேசன்." டீச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அவ்வொ பக்கத்துலதான் நிக்காவொ. கேக்கச் சொல்லுதாவொ. பொரிச்சிட்டா?"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் இல்லை டீச்சர், ஒரு நாள் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல மனுஷன் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"பொரிச்சிட்டு டீச்சர். பதினோரு குஞ்சு."

அந்தப் பக்கத்தில் மூச்சு விடுவது கேட்டது. டீச்சர் திரும்பி யாரிடமோ "பதினொண்ணாம்" என்றார். சாரின் சிரிப்பு கேட்டது. அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன்.

"மொதல்ல வந்தது எது தம்பி?"

"கருப்பு டீச்சர்." வாய் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "நல்ல கருப்பு. நெத்தியில மட்டும் வெள்ளையா ஒரு பொட்டு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். லேத் ஒன்றும் ஓடவில்லை. ஏழு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் டீக்கடையில் நான் புலம்பியதைக் கேட்ட அதே ஏழு பேர்.

அண்ணாச்சிதான் பேசினார். "ஏலே, பொட்டு வச்ச குஞ்ச எந்த மிஷின்லலே கடையப் போற?"

அன்று மத்தியானமே எனக்கு லீவு கொடுத்தார். ஏரலில் அவருக்குத் தெரிந்த ஓர் அம்மா இருந்தார். எப்போதும் ஏழெட்டுக் கோழிகள் அடையில் இருக்குமாம். ஒரு முட்டையைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். என்னமோ, அதை யாராவது பார்த்து உயிர் இருக்கிறது என்று சொல்லிவிடமாட்டார்களா என்று ஒரு நப்பாசை. கையை மார்பில் வைத்து மூடியபடியே உட்கார்ந்திருந்ததால் பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஏரலம்மா முட்டையை வாங்கினார், காதில் வைத்தார், அப்புறம் மூக்கில் வைத்தார்.

"என்னத்தலே பூசுன?"

"ஒண்ணும் பூசல. தொடச்சேன்."

"எதால?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முட்டை ஓடு வழியாத்தான உள்ள இருக்கது மூச்சு விடும். எண்ணெயப் போட்டு அடைச்சிட்டியே" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. பிறகு நான் பார்க்கவேண்டும் என்றே அதைக் கல்லில் தட்டித் திறந்தார். முழுக் குஞ்சு. அலகு மேல்நோக்கித் திரும்பியிருந்தது. எங்கள் வீட்டில் எத்தனையோ தலைமுறையாக ஒருவரும் ஒரு முட்டையைக்கூட உடைத்துத் தின்றதில்லை. அவ்வளவு பேரும் சேர்த்துவைத்த புண்ணியத்தை நான் ஒருவனே ஒரு கை பஞ்சால் துடைத்துவிட்டேன்.

பொரித்து இரண்டு நாளான குஞ்சுகள் பதினொன்றை ஓலைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அதில் மூன்று கருப்பு. ஒன்றின் நெற்றியிலும் பொட்டு கிடையாது. "விளக்கு வைக்க நேரத்துல, கண்ணு மசங்கினப்பொறவு வையி. ஒரு முட்டைய எடுத்தா ஒரு குஞ்ச வையி. மொத்தமா வச்சேன்னா கொத்திப்போடும். நீ தொடச்ச கையக் கழுவிட்டு வையி" என்றார்.

கழுவினேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். பொழுது மசங்கியதும் அவர் சொன்னபடியே ஒரு முட்டையை எடுத்தேன், ஒரு குஞ்சை உள்ளே தள்ளினேன். போஸ்ட்மாஸ்டரம்மா கெர்ர்ரவில்லை. தொண்டைக்குள் 'குக், குக்' என்று புதிதாக ஒரு சத்தம் கொடுத்தது. குஞ்சுகள் அதன் இறக்கைக்குள் போய்க் காணாமல் போயின. பதினோரு முட்டைகளையும் ஒரு கிரீஸ் டின்னில் போட்டு வளவுக்குப் பின்னால் புதைத்தேன். டின் கனமாக இருந்தது. கோழிக்கு நான் ஏமாற்றியது தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்தது. அந்தக் 'குக், குக்'கைக் கேட்டுக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். இதை நகைச்சுவையாகத்தான் எழுதலாம் என்று ஆரம்பித்தேன். இந்த இடம் வரும்போது எப்போதும் இப்படி ஆகிவிடுகிறது.

பொட்டு மிச்சமிருந்தது. பட்டறையில் இரும்பில் அடையாளம் போட வெள்ளைப் பெயிண்ட் இருக்கும். தீக்குச்சியால் தொட்டு ஒரு கருப்புக் குஞ்சின் நெற்றியில் வைத்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை உதிர்ந்துவிடும். மறுபடி வைப்பேன்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் வந்தார்கள். ஆட்டோவிலிருந்து சார் இறங்கியதைப் பார்த்து நான் உள்ளே போய் என் அறைக் கதவைக் கொஞ்ச நேரம் சாத்திக்கொண்டேன். போனவரில் பாதிதான் வந்திருந்தார். டீச்சர் எல்லாரிடமும், "கட்டிய எடுத்தாச்சு. இனி ஒண்ணுமில்ல, உடம்பு தேறணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது முன்னமே பளபளவென்றுதான் இருந்தது.

சாரின் மடக்கு நாற்காலியைத் திரும்ப முற்றத்தில் போட்டோம். அவர் குஞ்சுகளைப் பார்த்தார். பஞ்சாரத்தைத் தூக்கியதும் பதினொன்றும் ஓடிவந்தன. கறையான் பிடித்துவந்து கொட்டினால் போஸ்ட்மாஸ்டரம்மா தான் தின்னாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கும். சார் பொட்டுக் குஞ்சைத் தேடிப் பிடித்தார். "வேதக்கார வீட்டுல பெறந்துட்டு பொட்டு வச்சிருக்கியே வே. ஒங்கப்பன் சைவமோ" என்றார் அதனிடம். எனக்கு வேர்த்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பருந்து இறங்கியது. கோழி பறந்து அடித்தும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன். போனது பொட்டு. டீச்சர் கடைக்குப் போயிருந்தார். சார் நாற்காலியில் கண்ணை மூடிக்கிடந்தார். நான் அறைக்கு ஓடி, பெயிண்டையும் தீக்குச்சியையும் எடுத்துவந்து, அடிபம்புக்குப் பின்னால் குத்தவைத்து, இன்னொரு கருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே சைவம். நேத்து அது நடுவுல இருந்துச்சு. இன்னைக்கு எடப்பக்கம் தள்ளிட்டு."

சார் கண்ணை முழுசாகத் திறக்கவேயில்லை.

குஞ்சைக் கையில் பிடித்தபடியே போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். உருளையிலிருந்து ஏரல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் சோடா குடித்த இடத்தில் சிரித்தார். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர்ட்ட சொல்லிராத" என்றார்.

"இல்ல சார். நானே சொல்லிருதேன். நேந்தது வேற குஞ்சு. பொய்யான குஞ்ச எப்பிடி…"

"அட இருலே. வேலூர்ல என் வயித்தத் தெறந்து பாத்துட்டு அப்பிடியே மூடித் தச்சுட்டானுவொ. எடுக்கல. பக்கத்துப் பெட்டுக்காரன் மவன் எனக்குச் சொல்லிட்டான். டீச்சர் எடுத்தாச்சுன்னு சொல்லுதா. நானும் சரின்னுட்டேன்." குஞ்சை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அவ எனக்குப் பொட்டு வச்சு விட்டிருக்கா. நீ குஞ்சுக்கு வச்சிருக்க. அவ்வளவுதான வே. ஒழுங்கா நடுவுல வையி."

அவர் கண்ணுக்கு முன்னாலேயே நடுவில் வைத்தேன்.

ஆவணியில் சார் போய்விட்டார். அதற்குள் போஸ்ட்மாஸ்டரம்மா குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டையிட ஆரம்பித்திருந்தது. அப்படித்தான் அது. ஒரு நாள்வரை இறக்கைக்குள் வைத்திருந்ததை மறுநாள் யாரோபோல் கொத்தும். பொட்டுக் குஞ்சு சேவலாகிவிட்டது. நான் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டேன். அடக்கம் முடிந்த வீட்டில் யார் சேவலின் நெற்றியைப் பார்க்கப்போகிறார்கள்? நேர்ந்துகொண்டதே அவர் பிழைப்பதற்காக. இனி அந்த நேர்ச்சைக்கு என்ன வேலை என்று நினைத்தேன். டீச்சருடன் பேசவும் பயமாக இருந்தது. வளவுக்குள் வரும்போதும் போகும்போதும் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை டீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் சேவல். உடுத்தியிருந்தது வெளுத்து மடித்த வெள்ளைச் சேலை.

"தம்பி, நாளைக்கு ஸ்தோத்திரப் பண்டிக."

"ஆமா டீச்சர்."

"பொட்டு அழிஞ்சு போயி ரொம்ப நாளாச்சு. கொஞ்சம் வச்சுக் குடு. நேந்தது பொட்டு வச்ச குஞ்சுலா."

அவர் படியில் உட்கார்ந்து சேவலைத் தன் முழங்காலில் இருத்தி, அதன் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்களுக்கு எப்ப…"

"போன்லயே தெரியும். பொரிச்ச அன்னைக்குத் தாய்க்கோழி யாரையும் எண்ண விடாது. நீ பதினொண்ணுன்னு பட்டுனு சொன்ன." சேவல் திமிறியது, அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். "ஆனா நீ அதச் சொன்னதும் அவ்வொ சிரிச்சாவொ. ரெண்டு நாளா சிரிக்காத மனுசன். நான் ஒன்ன எப்பிடிக் கேப்பேன்?"

பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்தேன். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. தீக்குச்சியை நனைத்தேன். "நடுவுல" என்றார் டீச்சர்.

மறுநாள் நானும் ஆலயத்துக்குப் போய்ப் பின்னால் நின்றேன். ஏலம் விட்டவர் சேவலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, "பொட்டு வச்ச சேவல், பொட்டு வச்ச சேவல்" என்றார். சபை முழுவதும் சிரித்தது. டீச்சர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, அது யார் கைக்குப் போகிறது என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வளவு இப்போது இல்லை. இடித்துவிட்டு சிமெண்ட் மூட்டை அடுக்க ஒரு கிட்டங்கி கட்டியிருக்கிறார்கள். நான் டின்னைப் புதைத்த இடத்தில் லாரி நிற்கிறது. டீச்சர் வேலை முடிந்ததும் நாகர்கோவிலில் தங்கை வீட்டுக்குப் போனார், இரண்டு வருஷம் கழித்து அங்கேயே இறந்துபோன செய்தி பிந்தித்தான் எனக்குக் கிடைத்தது. அண்ணாச்சியின் பட்டறையும் மூடிவிட்டது. நான் போன் பேசுவதற்காக மிஷினை நிறுத்த இப்போது யாரும் கிடையாது.

மகள் வீட்டில் முட்டை வைத்த நாளிலிருந்து எண்ணினால் இன்றைக்குக் காலையில் இன்குபேட்டருக்கு இருபத்தோராவது நாள். ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். மேசைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஆறேகால் மணிக்கு முதல் ஓடு விரிந்தது. கருப்புக் குஞ்சு, நனைந்த திரி மாதிரி. பெட்டியே மருமகனின் செல்லுக்குச் செய்தி அனுப்பிவிட்டது, படத்தோடு. சென்னையிலிருந்து அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். ஒவ்வொன்றாக எட்டு வரைக்கும் வந்தன. நான் எண்ணினேன். கொத்த வருவதற்குத் தாய் யாரும் இல்லாததால் எண்ணுவது சுலபமாகவே இருந்தது.

பக்கத்தில் என் போன் கிடந்தது. அது பாட்டுக்குக் கிடந்தது. பொரிச்சிட்டா என்று கேட்பதற்கு யாரும் இல்லை.